லாகோஸில் 5 இரவு: கார் எடுக்கணுமா?

பயணப்பித்தன்:
செப்டம்பர் கடைசியில் போர்ச்சுகலின் தென்கரை, லாகோஸ் ஊர். ஃபாரோவில் விமானம் இறங்கும். பெரியவர்கள் இருவர், பத்து வயதுப் பையன். கார் தேவையா?

கடலோடி:
வேண்டாம். விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. 16ஆம் எண் பஸ்ஸில் ஃபாரோ ஊருக்குள் போய் ரயில் ஏறுங்க. ஒற்றைத் தண்டவாளம், ஒண்ணேமுக்கால் மணி நேரம் பிடிக்கும். லாகோஸ் ஸ்டேஷனிலிருந்து படகுத்துறை நடைபாலம் தாண்டினால் பழைய ஊர். மதிலுக்குள் சந்துகள் குறுகல், கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகும். ஒன்று மட்டும்: தரை முழுக்க வழுவழுப்பான சின்னச் சுண்ணாம்புக்கல். சின்னச் சக்கரப் பெட்டி தடதடக்கும், மழை பெய்தால் செருப்பு வழுக்கும்.

சாலைவாசி:
ஒப்புக்க மாட்டேன். மேற்கே இருக்கும் சாக்ரஸ் ஊரைப் பார்க்கப் போனால் 33 கி.மீ., பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கிருந்து சாவ் விசென்ட் முனை இன்னும் 6 கி.மீ. முனையில் சூரிய அஸ்தமனம் பார்த்துட்டு ராத்திரி எதில் திரும்புவாங்க? கார் எடுங்க, ஏ22 நெடுஞ்சாலைச் சுங்கத்துக்கான கருவியையும் கேட்டு வாங்குங்க.

கடலோடி:
அது பழைய கதை சார். ஏ22 சுங்கத்தை 2025 ஜனவரி 1 முதல் எடுத்தாச்சு. அந்தச் சாலைக்காகக் கருவி வாடகை தண்டம். சாக்ரஸுக்கு ஒரே ஒரு நாள் லாகோஸிலேயே கார் எடுத்தால் போதுமே.

சாலைவாசி:
சுங்கம் விஷயத்தில் நீங்க சொல்வது சரி. ஆனா பையனோடு, பெட்டியோடு பஸ், ரயில், நடை என்று மூன்று மாற்றம். அதைக் கணக்கில் எடுக்கவே மாட்டேங்கிறீங்க.

அலைவாய்:
கார் சண்டை இருக்கட்டும், அந்த ஊரில் நாளைத் தீர்மானிப்பது கடல் ஏற்றமும் வற்றமும்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 3 மீட்டர் வரை ஏறி இறங்கும்; அஷ்டமி, நவமியில் அதில் பாதிகூட இருக்காது. லாகோஸை ஒட்டிய போந்தா த பியெதாதே முனையின் கடல் குகைகளுக்குள் சின்னப் படகு நுழைய வற்றம் வேணும். ஏற்றத்தில் கூரை தலையில் இடிக்கும். கொண்டல் மாதிரி கிழக்கிலிருந்து 'லெவாந்தே' காற்று வீசினால் அலை எழும்பி படகை ரத்து செய்வாங்க. அதனால் படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீங்க.

கமிலோ கடற்கரைக்கு 200 படி இறங்கணும். பாறைச் சுவரின் உயரம்போல் ஒன்றரை மடங்கு தள்ளி உட்காரணும் என்பது அங்கத்திய விதி: 20 மீட்டர் சுவருக்கு 30 மீட்டர். ஏற்றத்தில் கமிலோவில் அந்த அளவுக்கு மணலே மிஞ்சாது! நிழல் தேடிச் சுவரோரம் துண்டு விரிப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. 2009இல் இதே தென்கரையில் அல்புஃபைரா ஊர்ப் பக்கம் பாறை சரிந்து ஐந்து பேர் செத்தாங்க. பையன் விளையாட ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெயா பிராயா கடற்கரை இருக்கு, தலைக்கு மேல் பாறை கிடையாது.

சாலைவாசி:
ஊருக்குள் பார்க்க என்ன இருக்கு? 1755 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் முக்கால்வாசியை அடிச்சிட்டுப் போயிட்டுது.

கடலோடி:
1444இல் 235 பேரை ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்து பங்கு போட்ட ஊர் அது. அடிமைச் சந்தை அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் வைங்க, கட்டடம் பிற்காலத்தது. நீங்க கார் விடச் சொல்றீங்களே, மதிலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோதுதான் 2009இல் அடிமைகளின் எலும்புக்கூடுகள் 150க்கு மேல் கிடைச்சுது.

பயணப்பித்தன்:
சரி, ரயில்தான், சாக்ரஸுக்கு மட்டும் ஒரு நாள் கார். பௌர்ணமியன்று வற்றம் எத்தனை மணிக்கு?

அலைவாய்:
காலை 9, 10 வாக்கில். அடுத்தடுத்த நாள் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும்.