ஜெனடிக் டிரிஃப்ட்: ‘மரபணுக் குலுக்கல்’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கமுங்க.

கொல்லிமலை, சேர்வராயன் மலைச் செடிகளைப் பற்றிய கையேட்டுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க நம் குழு எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை முடிந்துவிட்டன. ஒரு கூட்டத்தில் எத்தனை வகை மரபணு வடிவங்கள் உள்ளன என்பதற்கான மரபணுப் பன்மை என்பதை யாரும் மறுக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். ஜெனடிக் டிரிஃப்ட் (மரபணு வடிவங்களின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை தற்செயலாகக் கூடிக் குறைவது) மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. அதற்கு மரபணுக் குலுக்கல் என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

இதற்கு இதுவரை வந்த பரிந்துரைகள் நகர்வும் பெயர்ச்சியும். மரபணு நகர்வு என்று படித்தால், மரபணு ஓரிடம் விட்டு இன்னோர் இடத்துக்குப் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிப் போவது ஜீன் ஃப்ளோ. மகரந்தத்தோடும் விதையோடும் நடக்கும் அந்தப் போக்குவரத்துக்கு மரபணுப் பாய்வு என்று முன்பே முடிவு செய்துவிட்டோம். செங்குத்துப் பாறையில் மட்டும் வாழும் செடிகளின் கதையே இந்த இரண்டின் எதிர்ப்பில்தான் இருக்கிறது. பாய்வு நின்றுபோன இடத்தில் டிரிஃப்டின் கை ஓங்கும். எதிரும் புதிருமான இரண்டுக்கும் ஒரே சாயலில் பெயர் வைத்தால் கையேட்டைப் படிக்கிறவர் எப்படிப் பிரித்தறிவார்? பெயர்ச்சிக்கும் இதே சிக்கல்தான்: கண்டப்பெயர்ச்சியில் கண்டம் உண்மையாகவே இடம் பெயர்கிறது. இங்கே எதுவும் பெயர்வதில்லை. ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எந்த மரபணு வடிவம் எத்தனை பங்கு போய்ச் சேர்கிறது என்பது வெறும் தற்செயலால் கூடிக் குறைகிறது, அவ்வளவுதான். அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட் 1931இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் இந்தத் தற்செயலுக்குப் பெரிய இடம் தந்தது.

ஒரு பெட்டியில் 20 சீட்டு, அதில் ஒன்று மட்டும் சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். குலுக்கி ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, உள்ளே போட்டு மறுபடி குலுக்க வேண்டும். 20 முறை இப்படி எடுத்தால் அடுத்த தலைமுறை வந்துவிடும். சிவப்பு ஒருமுறைகூட வராமல் போக ஏறக்குறைய 36 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மரபணுவும் செடிக்குப் பொதுவாக இரண்டு படி (நகல்) என்பதால் 20 சீட்டு என்பது 10 செடி. ஒரு பாறை முகத்தில் பத்தே செடி பூத்துக் காய்த்தால், அரிதான ஒரு மரபணு வடிவம் ஒரே தலைமுறையில் தொலைய இவ்வளவு வாய்ப்பு. நல்ல மரபணுவா கெட்டதா என்று குலுக்கல் பார்க்காது. வறட்சியைத் தாங்கும் வடிவமாக இருந்தாலும் போனது போனதுதான். இதையே 500 செடிகள் உள்ள கூட்டத்தில், அதே 5 விழுக்காட்டுப் பங்கோடு பார்த்தால், ஒரு தலைமுறையில் அது மறையும் வாய்ப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம்.

ஒரு மலையில் தொலைந்தது பக்கத்து மலையிலிருந்து திரும்பி வரலாமே என்றால், நம் நிலத்தின் அமைப்பு அதற்கு எளிதில் இடம் தராது. கொல்லிமலைக்கும் சேர்வராயனுக்கும் நடுவே கிடப்பது சமவெளியும் வயலும் சாலையும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி யானைகளும் தெற்கே ஆனைமலை யானைகளும் மரபணுவில் வேறுபட்டு நிற்கின்றன. நடக்கத் தெரிந்த யானைக்கே இந்த நிலை என்றால், பாறை இடுக்கில் விதை உதிர்க்கும் செடியை என்ன சொல்வது! எல்லாப் பாறைச் செடிக்கும் இது பொருந்தாது என்பதையும் கையேட்டில் எழுத வேண்டும். கொல்லிமலையில் சூப்புக்கு விற்கும் முடவாட்டுக்கால் ஒரு பெரணி (ஃபெர்ன்). விதைக்குப் பதில் அது உதிர்க்கும் தூள் போன்ற சிதல்கள் காற்றில் வெகுதூரம் போகும். அது பல ஊர்களில் பரவியிருப்பதும்கூட.

குலுக்கல் என்றால் லாட்டரி வாடை அடிக்கிறது என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். சீட்டுக் குலுக்கல் தெரியாத வீடு நம் பக்கம் இல்லை. தற்செயல், பாரபட்சமின்மை, சீட்டு குறைந்தால் ஏறும் ஆபத்து, மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. குழுவில் அம்மா ஒருவர் எழுப்பிய கேள்வி இதைவிடக் கனமானது: மரபணுக்களைக் கலைத்து அடுக்கும் ரீகாம்பினேஷனோடு இது குழம்பாதா? அதற்கு மறுசேர்க்கை என்ற சொல் பாடநூல் வழியாக நன்றாக ஊன்றிவிட்டது. குலுக்கலில் மனம் போவது எந்தச் சீட்டு வந்தது, எது வரவில்லை என்பதன்மேல். அதனால் குழப்பம் வராது என்றே நம்புகிறேன்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வசதியும் உண்டு: எத்தனை முறை குலுக்கினோம் என்று கேட்க முடிகிறது. ஸ்பெயின் நாட்டுப் பிரனீஸ் மலையில் போர்டேரியா சௌவார்டி என்று ஒரு செடி, நம் வள்ளிக்கிழங்குக் குடும்பம். செங்குத்தான சுண்ணாம்புப் பாறையில் மட்டும் வாழ்கிறது. ஆண் செடி, பெண் செடி தனித்தனி. மகரந்தம் சேர்ப்பதும் எறும்பு, விதையைக் கொண்டுபோய் இடுக்கில் வைப்பதும் எறும்பு. ஒரு செடி 300 ஆண்டுவரை வாழும். ஆயுள் நீண்டால் தலைமுறை மாறுவது அரிது. நூற்றாண்டுக் கணக்கில் குலுக்கல்கள் சிலவே நடக்கும், இழப்பும் மெதுவாகும். ஆனால் அப்படிப்பட்ட கிழச்செடி ஒன்றைப் பிடுங்கினால், நூற்றாண்டுகளாகக் காத்த சீட்டையே கிழித்தெறிகிறோம். நாற்றங்காலுக்கு விதை எடுக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். ஒரே தாய்ச்செடியின் விதையில் ஆயிரம் நாற்று வளர்த்தாலும் மரபணுப் பன்மை பெருகாது. பல பாறைகளில், பல செடிகளில், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும்.

அப்புறம், செங்குத்துப்பாறைத் தாவரம் என்ற நீளப் பெயருக்கு மாற்றாக வரைச்செடி போதும் என்பேன். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுகிற யாருக்கும் வரையாடு தெரியும்; செங்குத்துப் பாறையைக் குறிக்கும் அந்த வரையே இது. கரட்டுச்செடி என்றும் ஒரு பரிந்துரை வந்தது. கரடு முழுக் குன்றையும் குறிக்கும், பாறை முகத்தை மட்டும் சுட்டாது.

கையேட்டில் இப்படி வரும்: “வரைச்செடிகளின் கூட்டம் சிறுத்து, மரபணுப் பாய்வும் நின்றால், மரபணுக் குலுக்கலால் தலைமுறைதோறும் மரபணுப் பன்மை குறையும்.” மாற்றுக் கருத்து இருப்பவர்கள் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.