சாட்ஸ்வர்த் வீட்டை விற்கலாமா? டர்பனில் ஆள் கூடுகிறதா, குறைகிறதா?

கேள்வி (கீழ்வீட்டுப்பையன்):
அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர் பகுதியான சாட்ஸ்வர்த்தில் உள்ள வீடு எனக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் அண்ணனுக்கும் வந்திருக்கிறது. 1960களில் மேகஸின் பாரக்ஸை (நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பு) காலி செய்தபோது தாத்தாவுக்குக் கிடைத்த வீடு. விற்றுவிட்டு வடக்கே கடலோர உம்லாங்கா பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கு என்கிறார் அண்ணன். எனக்குப் புரியாத ஒன்று: எங்கள் தெருவில் பாதிப் பேருடைய பிள்ளைகள் மிட்ராண்ட், கேப் டவுன், ஆஸ்திரேலியா என்று போய்விட்டார்கள், ஆனால் சென்சஸ் பார்த்தால் இத்தெக்வினியில் (டர்பன் மாநகராட்சி) 2011இல் 34.4 லட்சம், 2022இல் 42.4 லட்சம். எல்லாரும் போகிறார்கள் என்றால் யார் வந்து நிரப்புகிறார்கள்? விலை ஏறுமா, இறங்குமா?

பதில் (கரும்புக்காடு):
தம்பி, முதலில் அந்த 42 லட்சத்தை அப்படியே விழுங்காதீர்கள். 2022 சென்சஸில் நாடு முழுக்க சுமார் 31 சதவீதம் பேர் விடுபட்டுப்போய், பிறகு கணக்குப் போட்டுச் சேர்த்தார்கள், அதனால் எண்ணைத் தோராயமாகத்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் ஊர் வளர்வது உண்மை. எங்கே வளர்கிறது என்பதுதான் விஷயம். நான் சின்னப் பையனாக இருந்தபோது டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கம்பைத் தாண்டினால் கண்ணுக்கெட்டியவரை கரும்பு. 2001இல் கேட்வே மால் வந்தது, 2010இல் லா மெர்சியில் விமான நிலையம் வந்தது, கரும்பு இருந்த இடத்தில் கொர்னூபியா என்ற புதுக் குடியிருப்பு எழும்பிவிட்டது. வேலையும் கடையும் ஆபீஸும் வடக்கே நகர்ந்தால் காசு உள்ளவர்கள் பின்னாலேயே போவார்கள். உங்கள் அண்ணன் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

பதில் (ஃபீனிக்ஸ் அக்கா):
வடக்கு வடக்கு என்று எல்லாரும் சொல்கிறீர்கள், 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு அதே வடக்கில் இருக்கும் டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராததை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். என் நாத்தனார் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றாள், வீட்டில் பளிங்குத் தரை போட்டிருந்தவள்! அப்புறம் ஃபிளாட் என்றால் பாண்ட் (வீட்டுக் கடன்) மட்டும் இல்லை, கட்டடப் பராமரிப்புக்கு மாசாமாசம் லெவி, அதுவும் வருஷாவருஷம் ஏறும். 2023 மே முதல் 2024 செப்டம்பர் வரை வங்கிக் கடனுக்கு அடிப்படையான பிரைம் வட்டி 11.75 சதவீதத்தில் நின்றபோது பாண்ட் கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

யார் நிரப்புகிறார்கள் என்று கேட்டீர்களே. உங்கள் தெருவிலேயே பின்கட்டை எட்டிப் பாருங்கள். எங்கள் பகுதியில் கராஜ் இருந்த இடமெல்லாம் வாடகை அறை. இந்தியக் குடும்பம் சுருங்குகிறது, பிள்ளை போகிறது, அந்த இடத்துக்குக் கிராமப்புறத்திலிருந்தும் உம்லாசி டவுன்ஷிப்பிலிருந்தும் வேலைக்கு வந்த ஸூலு குடும்பம், இளம் கணவன்-மனைவி, காலேஜ் பிள்ளைகள் வருகிறார்கள். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1991இல் போன பிறகு இது நடந்துதானே ஆக வேண்டும். இதைப் பார்த்துச் சிலர் மூக்கைச் சுளிக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. நம் தாத்தாக்களைக் கேட்டோ மேகஸின் பாரக்ஸிலிருந்து கிளப்பினார்கள்?

பதில் (கரும்புக்காடு):
அக்கா சொல்வது சரி, தண்ணீர் விஷயத்தை நான் மறந்துதான் போனேன். விலை பற்றி ஒன்று மட்டும்: ஊர்க் கணக்கு உங்கள் தெருவுக்குப் பொருந்தாது. பின்கட்டு அறைக்கு முனிசிபாலிட்டி அனுமதித்த பிளான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் வாங்குகிறவரின் வங்கி அந்த அறையைக் கணக்கில் எடுக்காது, விற்பனை நின்றுபோவதும் உண்டு. 12.1 லட்சம் ராண்ட் வரை வாங்குகிறவருக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி (வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி) இல்லை, 2025 ஏப்ரலில் அந்த வரம்பு வந்தது, முதல் வீடு தேடும் இளசுகள் பலர் அதற்குள்தான் தேடுவார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அம்மாவின் தகரப்பெட்டியைக் குடைந்தேன், முன்வீட்டுக்கு 1967 தேதி போட்ட தாள் இருக்கிறது, பின்கட்டுக்கு ஒன்றும் இல்லை. அப்பா ஒரு மேஸ்திரியை வைத்துக் கட்டிய அறை அது, இப்போது இரண்டு பேர் வாடகை தருகிறார்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற எல்லாரும் வந்து உட்காருவதும் அதன் வாசலில்தான். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பிளான் ஆபீஸ் போகிறேன், பணம் எவ்வளவு ஆகும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.