அத்தானுக்கு லெஜியோனேயர்ஸ் நோய்: எங்கள் ஃபிளாட் தண்ணீர்த் தாங்கியை இந்த ஞாயிறே கழுவலாமா?

கேள்வி: நாலாம்மாடி

எங்கள் அத்தானுக்கு 67 வயது. லண்டனில் இருந்து வந்து வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் மூன்று கிழமை நின்றார். கடைசிக் கிழமையில் இரண்டு இரவு மட்டும் திருகோணமலையில் ஒரு ஹோட்டல். ஜூலை 3 திரும்பிப் போனார். 8ஆம் திகதி காய்ச்சல், இருமல், அடுத்த நாள் பிதற்றல். நெஞ்சுப் படத்தில் நிமோனியா. சிறுநீர்ப் பரிசோதனையில் லெஜியோனேயர்ஸ் (தண்ணீரில் வளரும் ஒரு கிருமியால் வரும் நிமோனியா) என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் வார்ட்டில்தான் இருக்கிறார், ஆனால் எழுந்து உட்கார்ந்து கதைக்கிறார்.

அங்கத்தைய சுகாதாரப் பகுதியினர் அக்காவைக் கூப்பிட்டு, எந்த பாத்ரூமில் குளித்தார், நீரூற்றுப் பக்கம் போனாரா, பல் வைத்தியரிடம் போனாரா என்று முக்கால் மணித்தியாலம் கேட்டிருக்கிறார்கள். அக்கா எங்கள் முகவரியையும் கொடுத்தார். அன்று தொடங்கி எங்கள் கட்டட வட்ஸ்அப் குரூப்பில் அடுப்பு எரிகிறது. நான்தான் கொமிட்டிச் செயலாளர் (சம்பளம் இல்லாத உத்தியோகம்). ஞாயிற்றுக்கிழமை பிரஷர் பம்ப் கொண்டுவந்து கீழ்த் தாங்கி, மேல் தாங்கி இரண்டையும் கழுவி, குளோரின் போட ஆள் பேசியாகிவிட்டது. நாங்கள் கொதிக்கவைத்த தண்ணீர்தான் குடிக்கிறோம், இங்கே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பிறகு எப்படி எங்கள் தண்ணீர்?

பதில்: கொட்டாஞ்சேனைத் தம்பி

அண்ணா, முதலில் ரூம் ஏசியைச் சர்வீஸ் பண்ணுங்கள். அந்தச் சொட்டுத் தண்ணீரில்தான் இது வரும் என்று கேள்விப்பட்டேன்.

பதில்: முன்னாள் பம்பலப்பிட்டி

தம்பி சொல்லும் ரூம் ஏசி இல்லை. பெரிய கட்டடங்களின் மொட்டைமாடியில் தண்ணீரைத் தெளித்துக் குளிராக்கும் கூலிங் டவர்கள்தான் பேர்போன குற்றவாளிகள்.

நான் இங்கிலாந்தில் ஒரு நகரசபையின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவில் பத்தொன்பது வருடம் இருந்தவள். நாலாம்மாடித் தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஆளை நிறுத்துங்கள். மாதிரி எடுக்கும் முன் குளோரின் போட்டால், உங்கள் தாங்கியில் கிருமி இருந்ததா இல்லையா என்று பிறகு ஆண்டவனாலும் சொல்ல முடியாது. பிரஷர் பம்ப் அதைவிட மோசம். பிரான்சில் பா-டு-கலே பகுதியில் 2003-04இல் ஒரு தொழிற்சாலைக் கூலிங் டவரால் 86 பேருக்கு வந்தது, 18 பேர் இறந்தார்கள். டவரை உயர் அழுத்தத்தில் கழுவிய நாட்களோடு ஒட்டித்தான் இரண்டாவது அலை வந்தது. இந்தக் கிருமி குடித்து வருவது அரிது, தூவலாக மூச்சில் போய்த்தான் வரும். நீங்கள் தண்ணீரைக் கொதிக்கவைப்பது வயிற்றுக்கு நல்லது, ஷவருக்கு அதனால் ஒன்றும் இல்லை.

இனி நாள் கணக்கு. கிருமி உள்ளே போய் நோய் தலைகாட்ட வழக்கமாக 2 முதல் 10 நாள், விசாரணைக்கு 14 நாள் பின்னால் போவோம். 8ஆம் திகதியிலிருந்து 14 நாள் என்றால் ஜூன் 24. அதற்குள் உங்கள் பாத்ரூம், திருகோணமலை ஹோட்டல், விமானப் பயணம், லண்டனில் சொந்த வீட்டு ஷவரில் ஐந்து நாள், எல்லாமே வருகிறது. உங்கள் வீடு நாலில் ஒன்று, அவ்வளவுதான். அக்காவிடம் சொல்லி ஒரு கொப்பியில் நாளுக்கு நாள் எழுதிவைக்கச் சொல்லுங்கள், வங்கி அட்டைக் கணக்கையும் போன் படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. காய்ச்சல்காரர் ஞாபகத்தை நம்பி நான் ஏமாந்த கதைகள் உண்டு.

தாங்கியில் கிருமி கிடைத்தாலும் வழக்கு முடியாது. நெதர்லாந்தில் 1999இல் ஒரு மலர்க் கண்காட்சிக்குப் போன 188 பேருக்கு வந்தது. நோயாளிகளின் கிருமியோடு ஒத்துப்போன கிருமி அங்கே இரண்டு இடத்தில் கிடைத்தது: விற்பனைக்கு வைத்து ஓடவிட்டிருந்த ஒரு சுடுநீர்க் குமிழித் தொட்டி, இன்னொரு மண்டபத்தில் ஒரு நீர்தெளிப்பான். யார் எங்கே நின்றார்கள் என்று ஆள் ஆளாகக் கேட்டபோதுதான் தொட்டிப் பக்கம் சாய்ந்தது. இறங்கிக் குளித்தவர்கள் இல்லை, நின்று பார்த்தவர்கள்.

சிறுநீர்ப் பரிசோதனை ‘இந்த நோய்தான்’ என்று மட்டும் சொல்லும், கிருமியைக் கையில் தராது. மருந்து தொடங்கியிருந்தாலும் பரவாயில்லை, சளி எடுத்து வளர்க்கச் சொல்லி அக்காவை இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள். நோயாளியின் கிருமி இல்லாவிட்டால் தண்ணீரில் எடுத்ததை எதோடு ஒப்பிடுவது?

பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொன்னீர்களா?

பதில்: தெஹிவளைப் பைப்காரன்

அக்கா சொல்வது சரி. நான் பார்த்த ஃபிளாட்டுகளில் வில்லங்கம் தாங்கியில் குறைவு, கடைசிப் பைப்பில்தான். ஆள் இல்லாத ரூம், மாசக்கணக்காகத் திறக்காத ஷவர், உள்ளே வழுவழு என்று ஒரு பாசி. கீசரையும் பாருங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து 45இல் வைத்திருப்பார்கள்.

பதில்: முன்னாள் பம்பலப்பிட்டி

அந்த வழுவழுப்புதான் அதன் வீடு. 20இலிருந்து 45 பாகை வரை அதற்குச் சுகம். தாங்கிக் கீசர் என்றால் 60இல் இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் 20க்குக் கீழே இருக்கட்டும் என்று இங்கிலாந்தில் சொல்வோம், கொழும்பில் அது மார்கழியிலும் நடக்காது. அதனால் உங்களுக்குத் தண்ணீர் தேங்காமல் ஓடுவதுதான் முக்கியம்.

மாதிரி எடுக்க வருபவர் குழாயைத் திறந்ததும் வரும் முதல் தண்ணீரைப் பிடிக்கவேண்டும், ஓடவிட்டுப் பிடிக்கக்கூடாது. போத்தலில் குளோரினை முறிக்கும் மருந்து போட்டிருக்கும், அதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். ஷவருக்கு நாங்கள் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, மூலையை வெட்டிப் போத்தலுக்குள் விடுவோம், தூவல் முகத்தில் அடிக்காது.

பதில்: நாலாம்மாடி

அக்கா, ஞாயிறு ஆளை நிறுத்திவிட்டேன். முற்பணத்தைத் திருப்பித் தரமாட்டானாம், போகட்டும். பரிசோதகர் செவ்வாய் வருகிறார். லண்டனில் எங்கள் அக்கா சளி விஷயம் கேட்டதற்கு, முதல் நாளே எடுத்து அனுப்பியாயிற்று என்றார்களாம்.

ஒன்று சொல்லவேண்டும். அத்தான் குளித்தது விருந்தினர் ரூம் ஷவரில். மாமி பெப்ரவரியில் யாழ்ப்பாணம் போனபிறகு அத்தான் வரும்வரை அதை யாரும் திறக்கவில்லை. அவர் போனபிறகும் அப்படித்தான் கிடக்கிறது. செவ்வாய் வரைக்கும் பூட்டியே வைக்கவா?

பதில்: முன்னாள் பம்பலப்பிட்டி

பூட்டுங்கள். சாவியை நீங்களே வைத்திருங்கள். வேலைக்கு வரும் பிள்ளை துடைக்கிறேன் என்று ஷவரைத் திறந்துவிடப் போகிறாள்.