ஸ்டோக்சே கோட்டை வாயில் வீடு: சட்டங்களுக்கு இடையே சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயரில் 1640-41இல் கட்டிய மரச்சட்ட வாயில் வீடு இது. இவ்வகைக் கட்டடங்களில் மூட்டுகளை ஆணியில்லாமல் எப்படி இறுக்கினார்கள்? பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் வைத்தால் என்ன கெடும்?

பதில் 1: சூட்சுமம் துளையில்தான். கழுந்து என்பது ஒரு சட்டத்தின் நுனியில் செதுக்கி, மற்றச் சட்டத்தின் குழிக்குள் செருகும் நாக்கு. அதன் துளையை, குழியுள்ள சட்டத்தின் துளைக்கு நேராக இல்லாமல், கழுந்து தொடங்கும் தோள் பக்கம் சுமார் 3 மி.மீ. தள்ளிப் போடுவார்கள். இரு துளைகளிலும் காய்ந்த ஓக் முளையை (மரக்குச்சி) அடிக்கும்போது கழுந்து உள்ளே இழுபட்டு மூட்டு இறுகும். முளையை அறுக்கக் கூடாது, பிளந்து சீவ வேண்டும்; அறுத்தால் நார் வெட்டுப்பட்டு அடியிலேயே முறியும். சட்டம் பச்சை ஓக், அதாவது இன்னும் காயாத மரம். 25 செ.மீ. அகலத்தில் ஒரு செ.மீ.க்கு மேல் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. கோணல்மாணலாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம், பயப்பட வேண்டாம்.

பதில் 2: சிமெண்ட் வேண்டவே வேண்டாம். மரம் அசையும், சிமெண்ட் அசையாது. ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும், மழைநீர் இறங்கும், வெளியேற வழியிருக்காது. முதலில் உளுத்துப்போவது கல் பீடத்தின் மேல் கிடக்கும் அடிச்சட்டம். வெளியே திடமாகத் தெரியும். திருப்புளியால் குத்தினால் உள்ளே மாவு. சட்டங்களுக்கு இடையே உள்ள பிளாச்சுப் பின்னலில் (பிளந்த குச்சிகளைப் பின்னிய தட்டி) களிமண், வைக்கோல், சாணிக் கலவையை அப்பி, மேலே சுண்ணாம்பு 1, மணல் 3, கொஞ்சம் ஆட்டுமயிர் சேர்த்துப் பூசுங்கள். உறைபனிக் காலத்தில் தொடாதீர்கள்.

பதில் 3: ஒட்டுப்போடும் மரத்துக்கு இரும்பு போல்ட் ஆகாது. ஓக்கின் அமிலம் அரித்துக் கறுப்பாக்கும். துருப்பிடிக்காத எஃகுதான்.