82 வயது அம்மாவின் பிராட்பேண்டும் டிஜிட்டல் ஃபோனும்: பழைய கம்பெனியிலேயே விடுறதா, மாத்துறதா?

லெஸ்டர்_மகள்

எல்லாருக்கும் வணக்கம். அம்மா இங்கிலாந்தில, லெஸ்டரில தனிய இருக்கிறா, வயசு 82. வீட்டு ஃபோனும் பிராட்பேண்டும் ஒரே கம்பெனி, கனகாலமா அதே நம்பர். இப்ப கடிதம் வந்திருக்கு: லேண்ட்லைன் டிஜிட்டலுக்கு மாறப்போகுது, அதாவது இனி ஃபோன் இணையம் வழியாத்தான் ஓடுமாம், ஃபோன் வயரைச் சுவரில இருந்து கழட்டி ரூட்டருக்குப் பின்னால செருக வேணுமாம். அதே நேரம் ஒப்பந்தமும் முடியுது, பில்லும் ஏறப்போகுது.

தம்பி சொல்லுறான், மலிவான ஃபைபருக்கு மாத்துவம், வீட்டு நம்பரைத் தனியா ஒரு இணையத் தொலைபேசிக் கம்பெனியில வைப்பம் எண்டு. எனக்கு மனசு ஒப்பேல்ல. அம்மாவின்ர கழுத்தில, அழுத்தினா உதவி மையத்துக்குக் கோல் போற அவசரப் பொத்தான் இருக்கு. மொபைலும் இருக்கு, ஆனா சார்ஜ் போட மறந்திடுவா. அவ இருக்கிற கதிரை ஹோலில, ஃபோனும் அதுக்குப் பக்கத்தில. ரூட்டர் மேல் அறையில. அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

நெட்வொர்க்_தம்பி

அக்கா, உங்க தம்பி சொல்றதுதான் சரின்னு எனக்குப் படுது. இந்த நாட்டுல முக்கால்வாசிக் கம்பெனிங்க விக்கிறது, தெருவுல லைன் போட்டுப் பராமரிக்கிற ஓப்பன்ரீச்சோட கம்பிதான். கம்பெனி மாறினாலும் தெருவுல வர்ற கம்பி மாறாது. அப்புறம் எதுக்கு அதிகமாக் கட்டணும்?

மாறுறதும் இப்ப ஈசி. 2024 செப்டம்பர் 12லேர்ந்து ஒன் டச் ஸ்விட்ச் வந்தாச்சு. புதுக் கம்பெனிகிட்ட மட்டும் சொன்னாப் போதும், பழைய கம்பெனிக்கு நீங்க ஃபோன் போட்டு மல்லுக்கட்ட வேண்டியதில்ல.

நம்பரைத் தனி வோய்ப் (இணையத் தொலைபேசி) கம்பெனியில வச்சா இன்னொரு லாபம் இருக்கு. அம்மா எடுக்கலைன்னா அதே கால் உங்க மொபைல்ல அடிக்கும். தெரிஞ்ச நம்பரை மட்டும் உள்ள விடலாம். தனியா இருக்கிற பெரியவங்களுக்கு மோசடிக் கால்தான் பெரிய ஆபத்து. அதைத் தடுக்கிற வசதிய பல பெரிய கம்பெனிங்க இந்த அளவுக்குத் தர்றதில்ல.

கம்பிக்காரன்

நான் தொலைபேசி லைன் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கம்பி ஒன்றுதான் என்று தம்பி சொன்னது சரி. ஆனால் அந்த வாதம் என் பக்கத்துக்குத்தான் உதவுகிறது. கம்பி ஒன்று என்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? பழுதானால் யார் பொறுப்பு என்பதில்.

பிராட்பேண்ட் ஓரிடம், ஃபோன் ஓரிடம் என்று பிரித்து வைத்தால், ஃபோன் செத்த அன்று இது நடக்கும்: ஃபோன் கம்பெனி "ரூட்டரைப் பாருங்கள்" என்று சொல்லும், பிராட்பேண்ட் கம்பெனி "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது, ஃபோன்காரரைக் கேளுங்கள்" என்று சொல்லும். இடையில் நின்று பேசப்போவது யார்? மகள் வேலையில் இருப்பார். மேல் அறையில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்துச் சொல்ல 82 வயது அம்மாவால் முடியுமா?

இதைவிடப் பெரிய விஷயம் மின்சாரம். பழைய செப்புக் கம்பியில் ஏறத்தாழ 50 வோல்ட் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும். வீட்டில் கரண்ட் போனாலும் சாதாரண வயர் ஃபோன் பேசும். டிஜிட்டலில் அது இல்லை. ரூட்டர் அணைந்தால் ஃபோன் அணைந்தது. முழு ஃபைபர் (வீடு வரை கண்ணாடி இழை) என்றால் சுவரில் மாட்டும் இன்னொரு சின்னப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும்.

அதனால்தான் தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பு ஒரு விதி வைத்திருக்கிறது. மின்சாரம் போனாலும் குறைந்தது 1 மணி நேரத்துக்கு வீட்டிலிருந்து அவசர எண் 999ஐ அழைக்க ஒரு வழியை கம்பெனி தர வேண்டும். லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு அது இலவசம். ரூட்டரையும் ஃபோனையும் சேர்த்துத் தரும் கம்பெனியிடம் இதை உரிமையோடு கேட்கலாம். ரூட்டரே விற்காத வோய்ப் கம்பெனியிடம் போய் ரூட்டருக்கு பேட்டரி கேட்க முடியுமா?

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "வீட்டில் மொபைல் இருக்கிறதா?" என்று விசாரிப்பார்கள். "இருக்கு" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சார்ஜ் போட மறக்கிறார், கழுத்தில் பொத்தான் இருக்கிறது, தனியாக இருக்கிறார் என்று மூன்றையும் சொல்லி, கணக்கில் குறிப்பாகப் பதியச் சொல்லுங்கள்.

நெட்வொர்க்_தம்பி

அண்ணே, 1 மணி நேரம்ங்கிறது குறைந்தபட்சம்தானே? 12 வோல்ட் ரூட்டருக்கு மினி யூபிஎஸ், அதான் சின்ன பேட்டரிப் பெட்டி, கடையிலயே கிடைக்குது. அதுல ரூட்டர் சில மணி நேரம் தாராளமா ஓடும். கம்பெனி தர்ற பெட்டியவிட அதுவே மேல். அதுக்காக மாசாமாசம் கூடக் கட்டணுமா?

அப்படியும் செத்தா மொபைல் இருக்கு. சார்ஜ் பிரச்சினைன்னா கதிரை பக்கத்துல சார்ஜிங் ஸ்டாண்ட் ஒண்ணு வச்சுட்டாப் போச்சு.

கம்பிக்காரன்

2021 நவம்பரில் ஆர்வென் புயல் வந்தபோது வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஒரு வாரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் இருந்த வீடுகள் உண்டு. மொபைல் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டுமே. பல கோபுரங்களில் நீண்ட நேரம் தாங்கும் பேட்டரி கிடையாது. அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு, 2022 மார்ச்சில், பெரிய தொலைபேசி நிறுவனமான பிடியே (BT) தன் டிஜிட்டல் மாற்றத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. பழைய நெட்வொர்க்கை மூடும் தேதியும் 2025 டிசம்பரிலிருந்து 2027 ஜனவரி முடிவுக்குத் தள்ளிப்போனது. இது சாதாரணமான விஷயமாக இருந்தால் அப்படி ஏன் தள்ள வேண்டும்?

மினி யூபிஎஸ் நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பேட்டரி மூப்படைந்துவிட்டதா என்று யார் பார்ப்பது? வாங்கி வைத்துவிட்டுப் போனால் கரண்ட் போகிற அன்றைக்குத்தான் தெரியும்.

பொத்தான்_அக்கா

அவசரப் பொத்தான் அழைப்புகளை எடுக்கும் மையத்தில் வேலை பார்க்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஃபோனைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது பொத்தானை.

பழைய மாதிரிப் பொத்தானின் அடிப்பெட்டி, சுவர் சாக்கெட்டுக்கும் ஃபோனுக்கும் நடுவில் செருகியிருக்கும். அழுத்தினால் லைன் வழியாக ஒலிக் குறிகளை அனுப்பி, யார் வீடு, என்ன கருவி என்று எங்கள் கணினிக்குச் சொல்லும். இணைய அழைப்பில் அந்த ஒலிகள் சில நேரம் சிதைந்து வரும். இன்று சோதித்தால் சரியாக இருக்கும், இன்னொரு நாள் எங்களுக்கு வெறும் இரைச்சல் வரும். அடிப்பெட்டிக்குள் அதற்கென்று பேட்டரி இருக்கும், அதனால் கரண்ட் போனாலும் பச்சை விளக்கு எரியும். ஆனால் ரூட்டர் அணைந்திருந்தால் அழைப்பு வெளியே போகாது. விளக்கைப் பார்த்து நம்பிவிடுவார்கள்.

இந்த நாட்டில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் இப்படிப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். மாற்றத்தின்போது சில வீடுகளில் அது வேலை செய்யாமல் போனதால், 2023 டிசம்பரில் பெரிய கம்பெனிகள் அரசிடம் ஓர் உறுதி கொடுத்தன: பொத்தான் வைத்திருப்பவரை, அது டிஜிட்டலில் வேலை செய்யும் என்று உறுதியாகாமல் தாங்களாக மாற்ற மாட்டோம் என்று.

லெஸ்டர் மகளே, இங்கேதான் கவனம் வேண்டும். அந்த உறுதி, கம்பெனி தானாக மாற்றும்போது காக்கிறது. நீங்களே வேறு கம்பெனிக்குப் போனால், அம்மா கழுத்தில் பொத்தான் இருப்பது புதுக் கம்பெனிக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும். இணையப் படிவத்தில் அந்தக் கேள்வியைத் தாண்டி ஒரு டிக்கில் போய்விடலாம். உங்கள் தம்பி நல்ல மனதோடு செய்து, யாருக்கும் தெரியாமலே பொத்தான் செத்துக் கிடக்கலாம்.

முதலில் பொத்தான் தந்தவர்களிடம் கேளுங்கள். சிம் போட்ட டிஜிட்டல் கருவி இப்போது பரவலாக இருக்கிறது, அதற்கு லேண்ட்லைன் தேவையில்லை. ஹோலில் அதற்கு சிக்னல் எடுக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய மொபைல் நெட்வொர்க்கான 3ஜியை மட்டும் நம்பும் பழைய சிம் கருவியைத் தந்தால் வாங்காதீர்கள். கூடவே அம்மாவை மின்சார முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கரண்ட் போனால் 105க்கு அடிக்கலாம்.

கணக்குப்பிள்ளை

பணத்தைப் பற்றி ஒன்று. அம்மாவுக்கு பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான அரசு உதவி) வருகிறதா? வந்தால் சோஷல் டாரிஃப் என்ற சலுகை பிளானைக் கேளுங்கள். சாதாரண பிளானைவிட மலிவு, இடையில் நின்றாலும் பெரும்பாலும் தண்டம் இல்லை. பழைய கம்பெனியிலேயே இருந்துகொண்டும் மாறலாம்.

2025 ஜனவரி 17க்குப் பிறகு போடும் ஒப்பந்தத்தில், நடுவில் விலை ஏறுமானால் எத்தனை பவுண்டு எத்தனை பென்ஸ் என்று முதலிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைப் படியுங்கள். 82 வயதில் வேலை இல்லாத வேகத்துக்குக் காசு கட்ட வேண்டாம். வீடியோ கால் தடையில்லாமல் ஓடினால் போதும்.

ஹரோ_தாத்தா

எனக்கு 79 வயது. பிள்ளைகள் எல்லாரும் அம்மாவைப் பற்றிப் பேசுறியள். அம்மாவிட்டைக் கேட்டியளா?

எனக்குப் போன வருசம் மாத்தினவை. என்ர மகன் எல்லாம் நல்லாத்தான் செய்தவன். ஆனா எனக்குச் சொல்லாத விஷயங்களாலதான் நான் கஷ்டப்பட்டன். முந்தி உள்ளூர் நம்பரை அப்படியே அடிப்பன். இப்ப ஊர்க் கோட் நம்பரும் சேர்த்து அடிக்க வேணும். டொக்டரின்ர நம்பர் எனக்கு விரலில பாடம், அது போகேல்ல எண்டவுடன ஃபோன் பழுது எண்டு நினைச்சன். படுக்கையறையில இருந்த மற்ற ஃபோனும் செத்துப்போச்சு, அந்தச் சுவர் சாக்கெட் இனி வேலை செய்யாதாம். சுழட்டுற டயல் ஃபோன் வைச்சிருக்கிற ஆக்களுக்கும் சொல்லுறன், அது பல ரூட்டரில வேலை செய்யாது.

தெரியாத நம்பரை எல்லாம் தடுக்கலாம் எண்டு அந்தப் பெடியன் எழுதினதை நான் ஒப்புக்கொள்ளமாட்டன். ஆஸ்பத்திரியில இருந்து வாற கோல் நம்பர் காட்டாமல்தான் வரும். என்ர கோல் ஏன் மகன்ர மொபைலில அடிக்க வேணும்? அது என்ர ஃபோன். கேட்டுச் செய்தால் பரவாயில்லை, கேட்காமல் செய்யிறது மரியாதை இல்லை.

நெட்வொர்க்_தம்பி

ஐயா, ஆஸ்பத்திரி கால் பத்தி நீங்க சொன்னது நியாயம். முழுசாத் தடுக்காம, கூப்பிடுறவங்க பேரைச் சொன்னப்புறம் இணைக்கிற மாதிரி வைக்கலாம். அம்மா சம்மதிச்சாத்தான் எதையும் பண்ணணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல.

ஆனா கம்பிக்காரர் அண்ணன் சொல்றத இன்னும் ஏத்துக்க முடியல. பொத்தான் அக்கா சொன்ன மாதிரி சிம் கருவி வந்துட்டா, அவசரம் லேண்ட்லைன விட்டு விலகிடுது. அப்புறம் ஃபோன் வெறும் பேச்சுக்குத்தான். அப்பவும் பழைய கம்பெனியிலேயே கட்டிப்போடணுமா?

கம்பிக்காரன்

பேச்சுக்குத்தான் என்று லேசாகச் சொல்கிறீர்கள். தனியாக இருக்கும் ஒருவருக்கு நாள் முழுக்க அதுதானே துணை? விழுந்தால் பொத்தான். மூச்சுத் திணறி 999ஐக் கூப்பிட வேண்டுமென்றால் கை ஃபோனுக்குத்தான் போகும். ஒரு கம்பெனி, ஒரு பில், பழுதுக்கு ஒரே நம்பர் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அது பழைய கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

லெஸ்டர் மகளே, உங்கள் தம்பி தனி வோய்ப் பக்கமே போவதாக இருந்தால், பழைய லைனை நிறுத்தச் சொல்லி யாருக்கும் ஃபோன் செய்ய வேண்டாம். முதலில் லைன் போனால் நம்பரை மீட்பது தலைவலி. நம்பரை மட்டும் முதலில் வெளியே எடுத்தால், அதே லைனில் ஓடும் பிராட்பேண்டும் சேர்ந்து நின்றுபோகக் கூடும். வரிசையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

லெஸ்டர்_மகள்

எல்லாருக்கும் நன்றி. தாத்தா கேட்டதுக்குப் பதில்: இல்லை, கேட்கேல்ல. நேற்று இரவு கேட்டன். அம்மா சொன்னது, "நம்பர் மாறக்கூடாது, ஃபோன் கதிரையில இருந்து எட்டுற தூரத்தில இருக்க வேணும், பொத்தானைத் தொட்டா ஆள் கதைக்க வேணும். பில்லை நீங்கள் பாருங்கோ." கோல் எங்கட மொபைலில அடிக்கிறது அவவுக்குப் பிடிக்கேல்ல.

பொத்தானின்ர அடிப்பெட்டி அக்கா சொன்ன மாதிரியே சுவர் சாக்கெட்டிலதான் செருகியிருக்கு. அதைத் தந்த இடத்தில கேட்டன். சிம் கருவிக்குப் பெயர் பதிஞ்சாச்சு, ஆள் வந்து ஹோலில சிக்னல் பார்ப்பினமாம். அது வந்து சோதிச்சு முடியும் மட்டும் எந்தக் கம்பெனிக்கும் மாறுறதில்லை எண்டு தம்பியும் நானும் ஒத்துக்கொண்டம். அதுக்குப் பிறகும் அவனுக்கு வோய்ப் ஆசை போகேல்ல, எனக்கு ஒரே கம்பெனிதான் வேணும். இதில இன்னும் இழுபறிதான்.

ஒரு கேள்வி மிச்சம். ரூட்டர் மேல, கதிரை கீழ. வயர் இழுக்கிறதா?

கம்பிக்காரன்

வயர் இழுத்துப் படியில் விடாதீர்கள், அம்மா தடுக்கி விழுவார். முழு ஃபைபர் போட வருகிறார்கள் என்றால், பெட்டியையும் ரூட்டரையும் ஹோலில், கதிரைக்குப் பக்கத்துச் சுவரில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே இரண்டு மின் பிளக் காலியாக இருக்க வேண்டும். வருகிறவர் வெளிச்சுவரில் துளை போட வசதியான இடத்தைத்தான் முதலில் காட்டுவார், நீங்கள் அங்கே நின்று கேட்டு வாங்குங்கள். ரூட்டரை நகர்த்தவே முடியாவிட்டால் சில கம்பெனிகள் ஓர் அடாப்டர் தருகின்றன. அதைக் கதிரை பக்கத்து பிளக்கில் மாட்டி, பழைய ஃபோனை அதில் செருகலாம். ஆனால் கரண்ட் போனால் அந்த அடாப்டரும் போகும், பேட்டரி ரூட்டருக்கு மட்டும்தான்.

பொத்தான்_அக்கா

சிம் கருவி வந்த அன்று அம்மாவையே அழுத்தச் சொல்லுங்கள், நீங்கள் அழுத்த வேண்டாம். குளியலறையில் ஒருமுறை, தோட்டத்தில் ஒருமுறை. எங்கள் ஆள் பேசுவது அவர் காதுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். பழைய பெட்டியை அதுவரை கழற்ற விடாதீர்கள்.

ஹரோ_தாத்தா

பிள்ளை, மாத்திற நாளுக்கு முன்னம் அம்மாவின்ர நம்பர் கொப்பியில எல்லா உள்ளூர் நம்பருக்கும் முன்னால லெஸ்டர்க் கோட் 0116 எண்டு பெரிய எழுத்தில எழுதிக் குடுங்கோ. இன்னொண்டு, மாத்திறதுக்குக் காசு கட்டச் சொல்லி ஆரும் ஃபோன் எடுத்தா வைச்சிடச் சொல்லுங்கோ. இந்த மாற்றத்துக்குக் காசு இல்லை. எனக்கு அப்படி ஒரு கோல் வந்தது.