மறு: சக்கரப் பூட்டா, சக்கரப்பொறியா?

> 'சக்கரப் பூட்டுத் துப்பாக்கி' என்றே வைத்துவிடலாம். நேர்ச்சொல், குழப்பமில்லை.

ஆங்கிலத்தில் wheel lock எனப்படும் பழைய காலத் துப்பாக்கிக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். 'lock' என்பதைப் 'பூட்டு' என்றால் குழப்பம் இருக்கிறது, நண்பரே. நேற்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "சைக்கிளுக்குப் போடுகிற பூட்டா?" என்று கேட்டார்கள். அந்தக் கருவியில் எதுவும் பூட்டப்படுவதில்லையே! சாவி போட்டு முறுக்கினால் உள்ளே வில் இறுகும். விசையை இழுத்ததும், விளிம்பில் பல் வெட்டிய எஃகுச் சக்கரம் விர்ரென்று சுழன்று, உரசினால் தீப்பொறி தரும் பைரைட் கல்லில் உரசும். தீப்பொறி கிண்ணத்து வெடிமருந்தில் விழும். சிகரெட் லைட்டர் வேலை செய்வதும் இப்படித்தான்.

அதற்கு முந்தைய திரித் துப்பாக்கியைச் சட்டைக்குள் ஒளிக்க முடியாது. எரியும் திரியின் கனலும் நாற்றமும் காட்டிக்கொடுத்துவிடும். சக்கரம் வந்ததும் சாவி கொடுத்து, இடுப்பில் செருகி, மேலங்கியால் மூடிக்கொண்டு யார் வீட்டுக்கும் போகலாம் என்றாகிவிட்டது. புனித ரோமப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் 1517-லேயே ஆஸ்திரியப் பகுதிகளில் இதற்குத் தடை போட்டார். தடை எந்த அளவுக்குப் பலித்தது என்பதற்கு, ஸ்பெயினை எதிர்த்த டச்சுக் கிளர்ச்சியின் தலைவர் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் கதை போதும்.

1582 மார்ச்சில் ஆன்ட்வெர்ப்பில் ஜாரெகி என்ற இளைஞன் அவரை நெருங்கிச் சுட்டான். மருந்தை அளவுக்கு மீறி அடைத்திருந்ததால் கைத்துப்பாக்கி வெடித்து, சுட்டவன் கட்டைவிரலே போனது. குண்டு கழுத்தில் நுழைந்து தாடை வழியாக வெளியேறியும் வில்லியம் பிழைத்துக்கொண்டார். 1584 ஜூலை 10-ல் டெல்ஃப்ட் நகரில் பால்தசார் ஜெரார் என்பவன் வைத்த குறி தப்பவில்லை, வில்லியம் இறந்தார். காலணி வாங்கிக்கொள் என்று வில்லியம் தரப்பில் கொடுத்த காசில்தான் அவன் துப்பாக்கி வாங்கினான் என்பார்கள். அந்த வீட்டு மாடிப்படியருகே சுவரில் குண்டு துளைத்த குழிகள் இன்றும் இருக்கின்றன.

சொல்லுக்கு வருகிறேன். மறைத்து வைத்த தீ, வேண்டும்போது பிறக்கும் தீ, இதுதான் இந்தக் கருவியின் உயிர். நம்மிடம் 'பொறி' இருக்கும்போது பூட்டு எதற்கு? தீப்பொறியும் அதுவே, இயந்திரமும் அதுவே. எலிக்கு வைப்பதும் அதுதான். கொலைக் கருவிக்கு அதுவும் பொருந்தும். ஆகவே 'சக்கரப்பொறித் துப்பாக்கி'. முந்தைய matchlock திரிப்பொறி, பின்னால் வந்த flintlock சக்கிமுக்கிப்பொறி. மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும். திரிப்பொறியில் தீப்பொறி பறக்காதே என்று கேட்பீர்கள். அங்கே இயந்திரம் என்ற பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பு ஒருவர் 'உருளைத் துப்பாக்கி' என்றிருந்தார். வேண்டாம், கிழங்கு நினைவுக்கு வருகிறது.

அப்புறம் அந்த முறுக்கும் கருவிக்கு 'முறுக்குத் திறவுகோல்' என்று புதிதாக எதுவும் வேண்டியதில்லை. சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவர்கள்தானே நாம், 'சாவி' போதும்.