மேற்பூச்சா, பிற்பூச்சா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஸ்பெயின் நாட்டுக் கிரானடாவின் அல்ஹாம்ப்ரா அரண்மனைச் சுதைவேலையின் (சுவரில் சாந்தால் செய்த அலங்கார வேலை) நிறங்களை ஆராய்ந்தது பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்கான தமிழ்ச் சொற்களைப் பற்றி உங்களிடம் கருத்துக் கேட்டிருந்தேன். நிறமி, சாயம் இரண்டிலும் தகராறு இல்லை. கரையாத தூள் நிறமி, கரைவது சாயம். 'சுதை'க்கும் பெரிய எதிர்ப்பு வரவில்லை. நம் சுதை சுண்ணாம்பு, அவர்களுடையது ஜிப்சம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரே ஒரு சொல்தான் இடிக்கிறது. 14ஆம் நூற்றாண்டில், கிரானடாவை ஆண்ட நஸ்ரி அரசர்கள் காலத்தில் பூசிய நிறம் ஒன்று. அதன்பின் பழுதுபார்த்தவர்கள் அவரவர் காலத்தில் பூசியது இன்னொன்று. இந்த இரண்டாவதை எப்படிச் சொல்வது?

'மேற்பூச்சு' போதுமே என்று உங்களில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். முதல் வரைவில் நானும் அதைத்தான் போட்டேன். ஆனால் பெயின்ட் கடையில் மேற்பூச்சு என்றால் பிரைமருக்கு மேல் அடிக்கும் கோட்டு. ஒரே ஆள் ஒரே வாரத்தில் அடித்து முடிப்பது. அது போகட்டும். 'மேல்' இடத்தைத்தான் சொல்கிறது, காலத்தை அல்ல. பழைய நிறம் முழுக்க உதிர்ந்த இடத்தில் புது நிறம் நேரே ஜிப்சத்தில் உட்கார்ந்திருக்கும். குண்டூசித் தலை அளவு துணுக்கைப் பிசினில் பதித்து, குறுக்கே தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால் ஒரே ஒரு நீலப் படலம் தெரியும். எதற்கு மேல் அது மேற்பூச்சு?

அந்த நீலம் யார் கை என்பதை நிறமியின் மணிகள்தான் சொல்லும். ஆப்கானிஸ்தானின் படக்‌ஷானில் வெட்டிய லாப்பிஸ் லாசுலி என்ற நீலக் கல்லை இடித்து எடுத்தது என்றால் மணிகள் கோணல்மாணலாக, பெரிதும் சிறிதுமாக இருக்கும். கால்சைட், டையாப்சைடு, பைரைட் போன்ற கூட்டாளிக் கனிமங்களும் ஒட்டிக்கொண்டு வரும். 1828 வாக்கில் பிரான்சில் வேதியியலாளர் கிமே செய்துகாட்டிய செயற்கை அல்ட்ராமரின் (அதே நீலத்தின் செயற்கை வடிவம்) என்றால் பொடி நைசாக, ஏறக்குறைய ஒரே அளவில், உருண்டையாக இருக்கும். லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காணும் ராமன் நிறமாலையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்; இரண்டுமே ஒரே இடத்தில் ஒரே முகட்டைத்தான் காட்டும். செயற்கை நீலம் என்று உறுதியாகிவிட்டால், பூசியது அந்த ஆண்டுகளுக்கு முன்னால் இருக்க வழியில்லை. ஆக, ஆய்வாளர் தேடுவதே காலத்தைத்தான். சொல்லிலும் காலம் இருக்க வேண்டாமா?

'இடைச்செருகல்' என்று அம்மா ஒருவர் சொன்னதை வெகுவாக ரசித்தேன். ஏட்டில் பின்னாள் கை நுழைவதும் சுவரில் நுழைவதும் ஒன்றுதானே. ஆனால் அந்தச் சொல்லில் ஒரு குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழுதுபார்த்தவர் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் அல்ல. 'மறுபூச்சு' என்றாலோ அதே நிறத்தைத் திரும்ப அடித்தது போல் ஆகிவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுகூட மறுபூச்சுதான்.

என் பரிந்துரை 'பிற்பூச்சு'. 'பின்பூச்சு' வேண்டாம். பின்புறம், பின்கதவு, பின்பக்கம் என்று ன் நிற்கும்போது காது இடத்தைக் கேட்கிறது. பிற்பகல், பிற்காலம், பிற்சேர்க்கை என்று ற் ஆகும்போது காலத்தைக் கேட்கிறது. விதி என்று சொல்லவில்லை. 'பிற்பகுதி' இரண்டு பக்கமும் போகும். ஆனாலும் பிற்சேர்க்கை பழகியவருக்குப் பிற்பூச்சு விளக்கமில்லாமலே புரியும். முதல் நிறத்துக்கு 'மூலப்பூச்சு' என்கிறேன். 'முற்பூச்சு' எதுகைக்கு அழகாக இருக்கிறது, ஆனால் பிரைமர் என்று படித்துவிடுவார்கள்.

இப்படி எல்லாம் முடிவுசெய்த பிறகு ஊதா வந்து கெடுத்தது. அல்ஹாம்ப்ராவில் பொன்பூச்சு இருந்த சில இடங்களில் ஊதாக் கறை தெரியும். 2022இல் வெளியான ஆய்வின்படி, யாரும் அங்கே ஊதா தீட்டவில்லை. வெள்ளீயத் தகட்டின் மேல் ஒட்டிய தங்கம் ஈரத்திலும் குளோரைடிலும் அரித்துக் கரைந்து, சுமார் 70 நானோமீட்டர் உருண்டைகளாகத் திரும்பப் படிந்திருக்கிறது. அந்த அளவில் தங்கம் மஞ்சளாகத் தெரியாது, ஊதாவாகத் தெரியும். சரி, இது மூலப்பூச்சா, பிற்பூச்சா? இரண்டும் இல்லை. பூசினால்தானே பூச்சு!

இலக்கணத்தில் சொற்கள் சேரும் புணர்ச்சியில் தோன்றல், திரிதல் (ஓர் எழுத்து வேறாக மாறுவது), கெடுதல் என்று படித்த நினைவில் இதற்குத் 'திரிநிறம்' என்று குறித்துவைத்திருக்கிறேன். வீட்டில் வாசித்துக் காட்டினேன். "பால் திரிஞ்ச மாதிரி இருக்கு" என்றார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. உங்களுக்கு?

வரைவை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். பிற்பூச்சுக்கு மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். திரிநிறத்துக்கு வேறு சொல் கிடைத்தால் இன்னும் நல்லது.